நீளும் மின்தடைக்கு இன்வெர்ட்டர் போதுமா? வேலூர் வீடொன்றிலிருந்து ஒரு மதிப்புரை

900 விஏ திறன் கொண்ட சைன் வேவ் (தெருக் கரண்ட்டைப் போலவே சீரான அலையாக மின்சாரம் தரும்) இன்வெர்ட்டர் ஒன்று, 150 ஏஎச் (ஆம்பியர் மணி) டால் டியூபுலர் பேட்டரி ஒன்று, கூடத்துக்கும் இரண்டு படுக்கையறைகளுக்குமாக குறைந்த மின்சாரத்தில் ஓடும் மூன்று பிஎல்டிசி ஃபேன்கள்: சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு, நீண்ட மின்தடையை மனத்தில் வைத்து வாங்கப்பட்டவை இவை. ஒரு கோடையும் அதைத் தொடர்ந்த வடகிழக்குப் பருவமழையும் இவற்றை நன்றாகவே சோதித்துவிட்டன. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் கொடுத்த பணத்தைவிட ஃபேன்களுக்குக் கொடுத்த பணமே அதிகம் உழைத்திருக்கிறது என்பது என் முடிவு. இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் பேட்டரியின் அளவைப் பற்றித்தான் பேசத் தொடங்குகிறார்கள். வீட்டுக் கூரையில் எத்தனை வாட் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இந்தப் பக்கத்தில் இன்வெர்ட்டர் என்பது, ஏறத்தாழ 2008 முதல் 2014 வரை நீடித்த மின்பற்றாக்குறைக் காலத்தில் வீடுதோறும் நுழைந்த பொருள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்ட் இல்லாமல் இருந்த மாதங்களை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வெட்டு கடிகாரம் பார்த்து வந்தது. ஒரு மணி நேரம் போகும், பிறகு வரும், மறுபடியும் போகும். பேட்டரி சற்று இறங்குவதும் சற்று ஏறுவதுமாக நாள் கழியும். அந்தக் கணக்கில் பழகிய கடைகளும் நாமும் இன்றைக்கும் இரண்டு மணி நேரத்துக்கான இன்வெர்ட்டரையே வாங்கிக்கொண்டிருக்கிறோம். இப்போதைய மின்தடையின் குணம் வேறு. எப்போதாவதுதான் வருகிறது, வந்தால் நீள்கிறது. துணை மின் நிலையப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தப்படும் மின்சாரம் சில நாட்களில் மாலையில்தான் திரும்புகிறது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் நாற்பது டிகிரிக்கு மேல் காய்ந்த ஒரு பகலுக்குப் பிறகு திடீரென்று வீசும் காற்றிலும் கோடை மழையிலும் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால், நடு இரவானாலும் வந்து சேராது. மழைக்காலமோ இன்னொரு வகை. கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருப்பதால் புயலின் காற்று நமக்குத் தேய்ந்துதான் வருகிறது, மழை தேய்வதில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் ஓடிய பெருவெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பகுதியில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போவதற்குப் புயலின் கண் நேராக மேலே வர வேண்டியதில்லை என்பது புரிந்திருக்கும்.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைக் கொண்டே கணக்கைத் தொடங்கலாம். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் பெருக்கினால் 1,800 வாட் மணி. ஆனால் அந்த 150 என்பது, பேட்டரியை இருபது மணி நேரத்துக்குப் பரவலாக, அதாவது ஏழரை ஆம்பியர் வீதம் மெதுவாக உறிஞ்சினால் கிடைக்கும் அளவு. வேகமாக உறிஞ்ச உறிஞ்ச, கிடைக்கும் மொத்தமும் சுருங்கும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குச் சூடாகிச் சுமார் ஆறில் ஒரு பங்கை விழுங்கிவிடும். எனவே பழைய வகை ஃபேன் மூன்று, டியூப்லைட் மூன்று, வைஃபை ரவுட்டர் ஒன்று என்று ஏறத்தாழ 300 வாட் ஓடும் வீட்டில் இந்தப் பேட்டரி சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். அவ்வளவுதான். காலை 9 மணிக்குப் போன கரண்ட்டுக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் வழி இரண்டு பேட்டரி போடுவது. அதற்கு 24 வோல்ட் இன்வெர்ட்டர் வேண்டும். இன்னொரு பேட்டரிக்குப் பதின்மூன்றாயிரம் முதல் பதினேழாயிரம் ரூபாய் வரை ஆகும். அதை வைக்க இடம் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். மாறாக, பழைய சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கிறது. பிஎல்டிசி ஃபேன் அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தருகிறது. விலை இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள். மூன்றையும் மாற்றியதும் எங்கள் வீட்டுச் சுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, நான்கு மணி நேரம் எட்டு மணி நேரமாகிவிட்டது. இரவில் இரண்டு ஃபேன்களும் ஒரு சிறிய எல்இடி விளக்கும் மட்டும் ஓடினால், பதினைந்து மணி நேரத்தைத் தாண்டியும் இன்வெர்ட்டர் வாய் திறப்பதில்லை. மின்சாரம் இருக்கும் நாட்களிலும் இந்த மிச்சம் மின்கட்டணத்தில் தெரிகிறது என்பதால், இரண்டாவது பேட்டரியைப் போல இது சும்மா கிடக்கும் முதலீடு அல்ல.

மழைக்காலத்தில் தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, ஒரு முழு இரவும் மறுநாளின் பெரும்பகுதியும் இருட்டில் போனபோதுதான் இந்தக் கணக்கு நடைமுறையில் சரியா என்பது தெரிந்தது. டிவியை நிறுத்திவிட்டோம். கூடத்து ஃபேனையும் நிறுத்தி எல்லோரும் இரண்டு அறைகளுக்குள் ஒடுங்கிக்கொண்டோம். பக்கத்து வீடுகளின் இன்வெர்ட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தி ஓய்ந்த பிறகும் எங்கள் ஃபேன் சுற்றியது. விடிந்த பிறகு ரவுட்டருக்கும் கைபேசிகளை ஏற்றவும் மின்சாரம் மிச்சமிருந்தது. இதில் இன்வெர்ட்டரின் பெருமை கொஞ்சம்தான். அதன் தலையில் ஏற்றிய பாரம் குறைவு என்பதே உண்மை.

பிஎல்டிசி ஃபேன்களில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. சுவரில் ஏற்கெனவே இருக்கும் ரெகுலேட்டரோடு இவை ஒத்துப்போவதில்லை. அதை எடுத்துவிட்டு வெறும் சுவிட்ச் போடுவது நல்லது. வேகத்தை மாற்றக் கையில் ரிமோட் வேண்டும். இருட்டில் ரிமோட்டைத் தேடுவதைப் பற்றி என் அம்மா சொல்லும் சொற்களை இங்கே எழுத இயலாது. ரிமோட்டைச் சுவரிலேயே ஒரு தாங்கியில் மாட்டிவைத்த பிறகு வீட்டில் சமாதானம் திரும்பியது. இந்த ஊருக்கென்றே சொல்லத்தக்க ஒரு நன்மையும் உண்டு: கோடை மாலைகளில் தெருவெங்கும் ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஃபேன் சோர்ந்து போகும், இது ஒரே வேகத்தில் சுற்றுகிறது.

இன்வெர்ட்டருக்கு வருவோம். சதுர அலை வகை இன்னும் கடைகளில் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. அதில் பழைய ஃபேன்கள் ‘உம்’ என்று இரையும், மின்னணுக் கருவிகளுக்கும் நல்லதல்ல. வாங்க வேண்டாம் என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. சைன் வேவ் வகையில் பெரும்பாலான கருவிகளின் பின்புறத்தில் யுபிஎஸ், நார்மல் என்று இரண்டு நிலைகள் கொண்ட சிறு சுவிட்ச் ஒன்று இருக்கும். சில கருவிகளில் நார்மல் என்பதற்குப் பதிலாக ஈகோ என்று போட்டிருப்பார்கள். பொருத்த வருபவர் இதை விளக்குவதே இல்லை. யுபிஎஸ் நிலையில் வைத்தால், கணினி அணையாத அளவுக்கு வேகமாக பேட்டரிக்கு மாறும். ஆனால் உள்ளே வரும் மின்சாரம் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலே கரண்ட் போய்விட்டதாக எடுத்துக்கொள்ளும். மே மாத மாலையில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்க, நம் வீடு மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். இரவு பத்து மணிக்கு உண்மையாகவே கரண்ட் போகும்போது பேட்டரியில் பாதிதான் இருக்கும். ‘புது பேட்டரிதான், ஆனா நிக்கவே மாட்டேங்குது’ என்று குறைப்பட்டுக்கொள்ளும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சுவிட்சைத்தான். மேசைக் கணினி இல்லாத வீட்டில் அதை நார்மல் நிலையில் வைத்துவிடுவது நல்லது.

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடுகளுக்கு இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இங்கே கரண்ட் போவதில் பாதி, ‘ஒரு ஃபேஸ் போச்சு’ வகை. இன்வெர்ட்டரின் சார்ஜர் எந்த ஃபேஸில் இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த ஃபேஸ் போய்விட்டால், மற்ற இரண்டிலும் மின்சாரம் இருந்தும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபேஸ் செலக்டர் சுவிட்சை மெயின் போர்டில் போட்டுக்கொண்டால், உயிரோடு இருக்கும் ஃபேஸுக்குத் திருகிவிட்டு பேட்டரியை ஏற்றிக்கொள்ளலாம். நீண்ட மின்தடைகளில் மூன்று ஃபேஸும் ஒரே நேரத்தில் திரும்புவதில்லை. லைன்மேன்கள் ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்கிறார்கள். அந்த இடைவெளியில் இந்தச் சிறு சுவிட்ச் செய்யும் உதவி பெரிது. ஆனால் இதை எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். அவரிடமே இன்வெர்ட்டர் சுற்றுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள். நியூட்ரல்கள் கலந்துவிட்டால், மின்கசிவுக்குக் காவலாகப் போட்டிருக்கும் ஆர்சிசிபி காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் யாராவது எரிச்சலில் அந்தக் காவலையே கழற்றிவிடுவார்கள்.

பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முதலாவது வெயில். ஈயபேட்டரியின் ஆயுள், வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது இத்துறையில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. வேலூர்க் கோடையில் மாடிப்படிக்கு மேலுள்ள ஷீட் போட்ட அறையில் பேட்டரியை வைப்பது, வாரன்டி அட்டையை அடுப்பில் போடுவதற்குச் சமம். தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் பூஜை அறைக்குப் பக்கத்திலும் கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் மூடிய அலமாரியில் கதவைச் சாத்தி வைக்கும் பழக்கமும் கூடாது. ஏரிக்கரையிலோ பாலாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களிலோ இருப்பவர்கள் தரையில் சக்கரப்பெட்டியோடு விட்டுவிடாமல், இடுப்பளவு உயரத்தில் இரும்புத் தாங்கி அடித்து அதன்மேல் வைக்க வேண்டும். ஆசிட் நிரப்பிய டால் டியூபுலர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு தூக்கி வைக்கும் பொருள் அல்ல அது.

இரண்டாவது தண்ணீர். முன்பு தினமும் கரண்ட் போன காலத்தில் பேட்டரியை நாம் கவனித்துக்கொண்டே இருந்தோம். இப்போது மாதக்கணக்கில் அது மூலையில் சும்மா இருக்கிறது. சார்ஜரோ அதை விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே தண்ணீர் வற்றுவதை ஒருவரும் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடிகளில் உள்ள மிதவைகளைப் பார்த்து, சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பச்சைக் கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆசிட் வழியும். நம் போர்த் தண்ணீரின் உப்பு எவ்வளவு என்பதைக் குழாய் வாயில் படியும் வெள்ளையே சொல்கிறது. அதை ஊற்றவே கூடாது, ஆர்ஓ தண்ணீரும் கூடாது. மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு வீட்டை ஓரிரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பார்ப்பதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சைப் பொடி, தளர்ந்த நட்டு, பலவீனமான பேட்டரி எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பொடியைச் சோடா உப்புக் கரைசலில் துடைத்து, காய்ந்த பிறகு வாஸ்லின் தடவினால் போதும்.

நீண்ட தடையின்போது கரண்ட் இடையில் இரண்டு மணி நேரம் வந்து மறுபடியும் போனால் பேட்டரி நிரம்பிவிட்டதாக எண்ணிவிட வேண்டாம். இந்த அளவுள்ள பேட்டரி முழுதாக ஏறப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இன்வெர்ட்டர் தானாக நின்ற பிறகு அதை அணைத்து அணைத்துப் போட்டு மேலும் பத்து நிமிடம் பிழிந்தெடுப்பதும், இறங்கிய பேட்டரியை அப்படியே நாள்கணக்கில் விட்டுவைப்பதும் தகடுகளைக் கெடுக்கும்.

வாங்கிய கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். லூமினஸ், மைக்ரோடெக், வி-கார்டு, எக்ஸைடு, அமரான் என்று எல்லாப் பெயர்களும் வேலூரிலும் காட்பாடியிலும் கிடைக்கின்றன. இந்த அளவில் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிட, பொருத்தித் தருபவரின் கைத்தேர்ச்சியில் உள்ள வேறுபாடே பெரிது என்பதால் எங்கள் வீட்டில் உள்ள பெயரை இங்கே எழுதவில்லை. கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: “எத்தினி ஃபேன் சார், எத்தினி லைட்டு? மோட்டாருக்குன்னா கேக்காதீங்க, அது வேற கணக்கு.” விற்க வேண்டும் என்ற அவசரத்தில் ‘எல்லாம் ஓடும் சார்’ என்று சொல்லும் கடைகளை நான் கேட்டிருக்கிறேன். வாரன்டியை அவர் பிரித்துச் சொன்னதும் நேர்மையாக இருந்தது. 36 உடன் 24 மாதம் என்று போட்டிருந்தால், முதல் 36 மாதத்துக்குள் பழுதானால்தான் புதிய பேட்டரி. பின்னுள்ள 24 மாதத்தில் புதியதன் விலையில் ஒரு சலுகை மட்டுமே. ஐந்தாண்டு வாரன்டி என்று நாமே கூட்டிக்கொள்கிறோம். பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு மாதத்தைக் கேட்டபோது முகம் சுளிக்காமல் காட்டினார். கடையில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரியை வாங்குவதில் பயனில்லை. பொருத்த வந்தவரின் வேலை மட்டும் அரைகுறை: பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இணைக்கும் வயரை நீட்டிப்போட்டுச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார். அந்த வயர் எவ்வளவு குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மறுநாள் கூப்பிட்டதும் வந்து வெட்டிச் சரிசெய்தார்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: தண்ணீர். இன்வெர்ட்டர் நிறுவனங்களின் விளம்பரங்களில் ஒரு குடும்பம் சிரித்தபடி டிவி பார்க்கும். டேங்க் காலியானதைக் காட்ட மாட்டார்கள். அரை எச்பி மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் கணத்தில் இழுக்கும். 900 விஏ கருவி அதைத் தாங்காது. போர்வெல் மோட்டாரைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாநகராட்சிக் குழாயை நம்பலாம் என்றால், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீரும் நெடுந்தொலைவு பம்ப் செய்யப்பட்டுத்தான் இங்கே வருகிறது. வழியில் எங்கே மின்சாரம் நின்றாலும் நம் தெருவின் முறை தள்ளிப்போகும். ஆகவே வீட்டை ஆயத்தம் செய்வதில் பேட்டரிக்கு முன்னால் நிற்க வேண்டியது டேங்க். குடிக்க, சமைக்க, கழிப்பறைக்கு, உடம்பு துடைக்க என்று சிக்கனமாகப் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் தேவை. ஐந்து பேருள்ள வீட்டுக்கு 75 லிட்டர். மேலே ஆயிரம் லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் ஒரு வாரத்துக்கு மேல் சமாளிக்கலாம், வழக்கம்போல ஷவரைத் திறந்துவிட்டால் இரண்டு நாளில் தீரும். புயல் எச்சரிக்கையைக் கேட்டதும் டேங்கை நிரப்பி வால்வை மூடிவிட்டு, சமையலறைக்குத் தனியாகக் குடம் குடமாகப் பிடித்துவைப்பது எங்கள் முறை. கீழே சம்ப் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் அதன் மூடியைத் திறக்கவே முடியாதபடி மேலே செடித்தொட்டி வைத்திருக்கிறார்கள். அதை நகர்த்தி, கயிறு கட்டிய வாளி ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் சம்பே ஒரு கிணறு. வெள்ள நீர் சம்புக்குள் இறங்கியிருந்தால் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்கக் கூடாது.

நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு இந்த மதிப்புரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சைக்காக வாடகை வீடெடுத்துத் தங்கியிருப்போர் இந்த ஊரில் பலர். அவர்களில் சிலர் வீட்டிலேயே, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கருவி முந்நூறு வாட்டுக்கும் மேல் எடுக்கக்கூடியது. மேலே சொன்ன பேட்டரி அதை மூன்று, நான்கு மணி நேரம் ஓட்டும். நீண்ட தடைக்குச் சிலிண்டர்தான் துணை, அது நிரம்பியிருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருந்தாலே சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தங்கும். அதற்கு மேல் என்றால், ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள், தண்ணீர் புகாத உறையில் மருந்தை வைத்து நிழலில் வைக்கலாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் அறை வெப்பத்தில் எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவைப்பதுதான் சரி.

சமையலில் பெரிய தொல்லை இல்லை. கேஸ் அடுப்புக்குக் கரண்ட் வேண்டாம். இன்டக்‌ஷனை மட்டும் நம்பியிருப்போர் பாடு திண்டாட்டம். மிக்ஸி 500 வாட்டுக்கு மேல் எடுக்கும் என்பதால் அதை இன்வெர்ட்டர் சுற்றில் சேர்க்காமல், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று இரண்டு மூன்று நாளை ஓட்டிவிடலாம்.

உள்ளே சிறு பேட்டரி கொண்ட எல்இடி பல்புகளையும் இரண்டு வாங்கியிருந்தோம். மூன்று, நான்கு மணி நேரம் எரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது; எரிகிறது, ஆனால் கரண்ட்டில் எரியும் வெளிச்சத்தோடு அல்ல. கழிப்பறைக்கும் மாடிப்படிக்கும் இது போதுமானது, இன்வெர்ட்டர் வயர் இழுக்க முடியாத இடங்களுக்கு மலிவான தீர்வு. அவற்றைவிடப் பயன்பட்டது செல் போட்டு ஓடும் சிறிய ரேடியோ. கைபேசிக் கோபுரங்களின் பேட்டரியும் சில மணி நேரத்துக்குத்தான். நீண்ட தடையில் நம் கைபேசியில் சார்ஜ் இருந்தும் சிக்னல் இருக்காது. சிக்னல் இருக்கும்போதே, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகாரைப் பதிவுசெய்து, புகார் எண்ணைக் காகிதத்தில் குறித்துக்கொள்வது நல்லது. தெருவில் எல்லோரும் ‘வேறு யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று இருந்துவிடுகிறார்கள்.

பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனி வீடும் திறந்த முற்றமும் இருந்தால் யோசிக்கலாம். வீட்டுக்குள்ளோ, கார் நிறுத்தும் மூடிய போர்டிகோவிலோ ஓட்டினால் கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் உயிரைக் குடிக்கும். பிளக் வழியாக வீட்டு வயரிங்குக்குள் திருப்பிவிட்டால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கும் ஆபத்து. மாடியில் சோலார் போட்டவர்கள் தங்களுக்குக் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியத்தில் பொருத்தப்பட்டவற்றில் பெரும்பாலானவை கிரிட்டோடு, அதாவது தெருவின் மின்கம்பியோடு, இணைந்தவை. பாதுகாப்புக்காகவே, தெருவில் கரண்ட் போனதும் அவையும் நின்றுவிடும், உச்சி வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகைக்குத்தான் இருட்டில் உதவும் குணம் உண்டு. லித்தியம் பேட்டரி இன்வெர்ட்டர்கள் எடை குறைவு, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, வேகமாக ஏறும். விட்டுவிட்டு வரும் கரண்ட்டுக்கு அந்த வேகம் பெரிய வரம். விலை இன்னும் அதிகம் என்பதால், இப்போதிருக்கும் ஈயபேட்டரி தேயும்வரை நான் காத்திருக்கப்போகிறேன்.

வாங்குவதானால் பிப்ரவரி, மார்ச்சில் வாங்கிவிடுங்கள். மே மாதத்தில் கடைக்குப் போனால் பேட்டரி கிடைத்தாலும் பொருத்த ஆள் கிடைப்பதில்லை. கிடைப்பவரும் அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் இருப்பார். முதலில் ஃபேன்களை மாற்றுங்கள், பிறகு மீதியுள்ள சுமையை எண்ணிக்கொண்டு கடைக்குப் போங்கள். பல வீடுகளுக்கு 150 ஏஎச்கூட வேண்டியிருக்காது. வீட்டில் பழைய பேட்டரி இருந்தால் பழைய இரும்புக் கடையில் போடாமல் வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அதிலுள்ள ஈயத்துக்கு நல்ல விலை உண்டு. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பயன்படுத்திய பேட்டரிகள் முறையான மறுசுழற்சிக்குத் திரும்ப வேண்டும் என்கின்றன. கழித்துக்கொள்ளும் தொகையைக் கடைக்காரர் வாயால் சொல்வதோடு விட்டுவிடாமல், ரசீதில் அது தனி வரியாகவும் பேட்டரியின் வரிசை எண் பிழையில்லாமலும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.